பேரம் படியாத கடை

பட்டான்செருவில் வங்கி வாசலில் நிற்கும் காவலாளிக்குத் துப்பாக்கிதான் பிழைப்பு. அதை வாங்கப் போகும் கடையில் விலையை விடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது.

ஹைதராபாத்தில் பேரம் பேசாமல் பொருள் வாங்குகிறவரைக் கடைக்காரரே சற்றுப் பரிதாபமாகப் பார்ப்பார். சார்மினாரை ஒட்டிய லாட் பஜாரில் வளையல் வாங்கினாலும் சரி, தெருமுனை வண்டியில் கொய்யாப்பழம் வாங்கினாலும் சரி, முதலில் சொல்லப்படும் விலை பேச்சைத் தொடங்கி வைக்கத்தான். ஆனால் அதே ஊரில் ஒரு வகைக் கடை உண்டு. அங்கே விலை கேட்பதற்கு முன்பே வாடிக்கையாளர் பையிலிருந்து லைசென்ஸ் புத்தகத்தை எடுத்து மேஜை மேல் வைக்க வேண்டும். புகைப்படம், கையெழுத்து, அதிகாரியின் முத்திரை எல்லாம் சரியாக இருந்தால்தான் அலமாரிப் பூட்டு திறக்கும். துப்பாக்கிக் கடையின் முதல் விதி இது.

நகரத்தின் வடமேற்கு விளிம்பில், மும்பை நெடுஞ்சாலையில் இருக்கிறது பட்டான்செரு. 1972ல் இங்கே சர்வதேச வேளாண் ஆராய்ச்சி நிலையமான இக்ரிசாட் வந்தது. மருந்து, ரசாயனத் தொழிற்சாலைகளும் வரிசையாக வந்தன. 2007ல் ஹைதராபாத் மாநகராட்சி எல்லை இதுவரை நீண்டது. தொழிற்சாலை வந்தால் சம்பளப் பணம் வரும், பணம் வந்தால் வங்கி வரும், வங்கி வந்தால் வாசலில் துப்பாக்கியோடு ஒரு காவலாளியும் வருவார். ஏ.டி.எம்.முக்குப் பணம் கொண்டு போகும் வண்டியிலும் அவரைப் போன்ற ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

இந்த வேலைக்கு வருபவர்களில் முன்னாள் ராணுவத்தினர் அதிகம். பல ஏஜென்சிகள் அவர்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "சொந்தத் துப்பாக்கி இருக்கிறதா?" என்பதுதான். தச்சருக்கு உளி எப்படியோ, இவர்களுக்குப் பன்னிரண்டு போர் துப்பாக்கி அப்படி. ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து அதை வாங்கி விட்டால், அடுத்த பல வருடங்களுக்குச் சோறு போடும். பணக்காரருக்குத் துப்பாக்கி அந்தஸ்து. காவலாளிக்கு அது தொழில் கருவி. ஆயிரம் ரூபாய் குறைந்தாலும் அவருக்கு லாபம்தான். அதனால் அவர் பேரம் பேசியே தீருவார்.

ஆனால் எவ்வளவு பேச முடியும்?

துப்பாக்கியின் விலையை நிர்ணயிப்பதில் கடைக்காரரை விட சட்டத்துக்கே அதிகப் பங்கு. 1857 கலகத்தின் நினைவு ஆறாத ஆங்கிலேய அரசு 1878ல் ஆயுதச் சட்டம் கொண்டு வந்து இந்தியர்கள் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்றது. சுதந்திர இந்தியா அதை மாற்றி 1959ல் புதிய சட்டம் இயற்றியது. அது 1962 அக்டோபர் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. லைசென்ஸ் தேவை என்ற அடிப்படை மட்டும் மாறவில்லை. ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் ரகங்கள் சாதாரண மக்களுக்குக் கிடையாது. பன்னிரண்டு போர் துப்பாக்கி, .32 ரிவால்வர், .315 ரைஃபிள் போன்றவை மட்டுமே அவர்களுக்கு.

1980களின் நடுப்பகுதியில் வெளிநாட்டுத் துப்பாக்கிகளின் இறக்குமதிக்கும் கதவு அடைபட்டது. பதக்கம் வெல்லும் துப்பாக்கி சுடும் வீரர்கள் போன்ற சிலருக்கே விலக்கு. விளைவு வேடிக்கையானது. அதற்கு முன் நாட்டுக்குள் வந்து விட்ட பிரிட்டிஷ் வெப்ளி, ஜெர்மன் வால்தர் போன்ற கைத்துப்பாக்கிகள் பழசாகப் பழசாக விலை ஏறின. தயாரித்த நாட்டில் மலிவாகக் கிடைக்கும் பழைய துப்பாக்கி இங்கே பல லட்சம் ரூபாய்க்குக் கை மாறுகிறது. வாங்குபவர்கள் நிறைய, பொருளோ கொஞ்சம். அங்கே பேரம் எடுபடாது.

உள்நாட்டுச் சரக்குக்கு வேறு கதை. கான்பூரில் ரிவால்வர், மேற்கு வங்க இஷாப்பூரில் ரைஃபிள், நம் திருச்சியில் பம்ப் ஆக்ஷன் துப்பாக்கி என்று அரசுத் தொழிற்சாலைகள் பல காலமாகத் தயாரித்து வந்தன. விலையை அவைதான் அறிவித்தன. 2014ல் பெண்களுக்கென்று கான்பூர் வெளியிட்ட 'நிர்பீக்' ரிவால்வரின் விலை சுமார் ரூ.1.22 லட்சம். ஒரு மோட்டார் சைக்கிளை விட அதிகம் என்று அப்போதே முணுமுணுப்பு எழுந்தது. 2021 அக்டோபரில் ஆயுதத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு கம்பெனிகளானது. அதற்கு முந்தைய ஆண்டே தனியாரும் வந்து விட்டார்கள். 2020ல் உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் வெப்ளி பெயரிலேயே .32 ரிவால்வர் தயாரிப்பு தொடங்கியது. போட்டி வந்தால் விலை குறையும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு வரி குறுக்கே நின்றது. 2025 செப்டம்பரில் ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 40 சதவீதமானது.

பேரத்துக்கு மிஞ்சுவது பழைய பன்னிரண்டு போர்தான். காவலாளி தேடுவதும் அதைத்தான். இங்கே விவரம் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வித்தியாசம் சில நிமிடங்களில் வெளிச்சமாகி விடும். தெரியாதவர் மரப்பிடியின் பளபளப்பைப் பார்ப்பார். தெரிந்தவர் துப்பாக்கி காலியா என்று முதலில் சோதித்து விட்டு, குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே துருப் பள்ளம் இருக்கிறதா என்று பார்ப்பார். குழலும் அடிப்பகுதியும் சேரும் இடம் ஆடுகிறதா என்று அசைத்துப் பார்ப்பார். உலோகத்தில் பொறித்த எண்ணும் காகிதத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு இலக்கமாகச் சரி பார்ப்பார். அதன் பிறகுதான், "பாய், கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்ற ஹைதராபாத் பல்லவி. குறைக்க முடியாத இடத்தில் கடைக்காரர் தோல் உறையோ, குழல் துடைக்கும் கம்பியோ சேர்த்துக் கொடுத்துக் கணக்கை முடிப்பார்.

2019ல் சட்டம் திருத்தப்பட்டபோது விற்கும் பக்கம் கொஞ்சம் இறங்கி வர வேண்டியிருந்தது. அதுவரை ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வைத்திருக்கலாம். அது இரண்டாகக் குறைந்தது. மூன்றாவதை ஓராண்டுக்குள் போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். தாத்தா காலத்துத் துப்பாக்கியை வைத்துக்கொள்ளவும் முடியாமல், நல்ல விலைக்குத் தள்ளவும் முடியாமல் தவித்த குடும்பங்கள் பல. தனி நபர் தன் துப்பாக்கியை இன்னொரு லைசென்ஸ்தாரருக்கு விற்பதிலும் அவசரம் கூடாது. கலெக்டருக்கோ பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் காத்திருக்க வேண்டும். "இன்றே பணம், இன்றே சரக்கு" என்று ஒருவர் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்து விடுவது நல்லது.

வாங்கிய பிறகும் கடையோடு உறவு முடிவதில்லை. லைசென்சில் எழுதிய அளவுக்கு மேல் ஒரு தோட்டாகூடக் கிடைக்காது. வாங்கும் ஒவ்வொரு தோட்டாவும் கடைப் பதிவேட்டில் ஏறும். பழுது பார்க்கவும் அதே மாதிரிக் கடைக்குத்தான் வர வேண்டும். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். போலீஸ் நிலையத்து மூலையில் ஈரத்தில் கிடப்பதை விட, மாதக் கட்டணம் கொடுத்துக் கடையில் வைப்பதையே பலரும் விரும்புவார்கள். எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்கும் கடைக்காரர் கிடைத்தால் அந்தக் கட்டணத்தில் யாரும் பேரம் பேச மாட்டார்கள். லைசென்ஸ் புதுப்பிக்கும் தேதியை நினைவுபடுத்துவதும் நல்ல கடைக்காரரின் வழக்கம். அந்தத் தேதி தவறினால் காவலாளிக்கு வேலையும் தவறும்.

ஆனால் இந்த உறவுக்கு இன்னொரு முகமும் உண்டு. கல்கத்தாவில் ரோடா கம்பெனி என்ற ஆங்கிலேயத் துப்பாக்கிக் கடை இருந்தது. 1914 ஆகஸ்ட் 26ல் அந்தக் கடைக்கு வந்த சரக்கிலிருந்து 50 மௌசர் பிஸ்டல்களும் 46 ஆயிரம் தோட்டாக்களும் புரட்சியாளர்கள் கைக்குப் போயின. உள்ளே வேலை பார்த்த ஊழியர் ஒருவரே அவர்களோடு சேர்ந்திருந்தார். அது தேச விடுதலைக்கு. நம் காலத்தில் கைகோத்தவர்களுக்கு இருந்த நோக்கம் பணம் மட்டும்தான்.

ஜம்மு-காஷ்மீரில் 2012க்கும் 2016க்கும் இடையே தகுதியில்லாதவர்களுக்கு 2.78 லட்சத்துக்கும் மேற்பட்ட லைசென்சுகள் வழங்கப்பட்டதாக சி.பி.ஐ. குற்றம் சாட்டியது. அதிகாரிகளும் துப்பாக்கி வியாபாரிகளும் கூட்டுச் சேர்ந்தார்கள் என்பது அதன் வழக்கு. இரண்டு ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் 2020ல் கைதானார்கள். அந்த அலையின் ஒரு துளி ஹைதராபாத்திலும் தெறித்தது. 2022ல் நகரப் போலீசார் போலி லைசென்ஸ் கும்பல் ஒன்றைப் பிடித்து 30க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைக் கைப்பற்றினார்கள். அவற்றைத் தோளில் மாட்டியிருந்தவர்கள் கொள்ளைக்காரர்கள் அல்லர். வடக்கிலிருந்து பிழைப்பு தேடி வந்து செக்யூரிட்டி வேலை பார்த்தவர்கள்.

பட்டான்செரு காவலாளி கவனிக்க வேண்டிய இடம் இது. முறைப்படி லைசென்ஸ் வாங்குவது நீண்ட யாத்திரை. விண்ணப்பம், போலீஸ் விசாரணை, 2016 விதிகளின்படி பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ், தேசியப் பதிவேட்டில் தனி எண், எல்லாம் முடிந்த பிறகும் அதிகாரி மறுக்கலாம். இதற்கிடையே ஒரு தரகர் வந்து துப்பாக்கியும் புத்தகமும் சேர்த்தே வாங்கித் தருகிறேன், மொத்தமாக இவ்வளவு என்பார். தொகையும் நியாயமாகத் தோன்றும். மாதச் சம்பளத்தை எதிர்பார்த்துக் குடும்பம் காத்திருக்கும்போது அந்தப் பேரம் இனிக்கத்தான் செய்யும். பிடிபடும் நாளில் தரகர் ஊரில் இருக்க மாட்டார். ஆயுதச் சட்டப்படி சிறைக்குப் போகிறவர் துப்பாக்கியைச் சுமந்தவர்தான்.

உள்துறை அமைச்சகக் கணக்குப்படி 2016 இறுதியில் நாட்டில் 33.69 லட்சம் லைசென்சுகள் இருந்தன. அதில் 12.77 லட்சம் உத்தரப் பிரதேசத்தில். தமிழ்நாட்டில் சுமார் 22,500 மட்டுமே. லைசென்சே தேவைப்படாத ஒரு மூலையும் உண்டு. குடகில் குடவர்களுக்கும் ஜம்மா நிலக்காரர்களுக்கும் ஆங்கிலேயர் காலத்திலிருந்தே விலக்கு. 2019ல் அது 2029 வரை நீட்டிக்கப்பட்டது. மற்றவர்களுக்கெல்லாம் புத்தகம்தான் முதல், துப்பாக்கி பிறகு.

துப்பாக்கிக் கடைகளுக்கு இப்போது புது வாடிக்கையாளர்களும் வருகிறார்கள். பட்டான்செருவிலிருந்து அதிக தூரமில்லாத கச்சிபவுலியில் துப்பாக்கி சுடும் மைதானம் இருக்கிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ககன் நாரங்கும், இளம் வீராங்கனை ஈஷா சிங்கும் இந்த ஊர்க்காரர்கள். அவர்களைப் பார்த்து ஏர் ரைஃபிள் கேட்டு வரும் பிள்ளைகளோடு பெற்றோரும் வருகிறார்கள். .177 அளவு, 20 ஜூல் சக்திக்கு உட்பட்ட ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அங்கே பேரம் வளையல் கடை போலவே கலகலப்பாக நடக்கலாம்.

காவலாளிக்கு அந்தக் கலகலப்பு கிடையாது. அவர் உறைக்கும் கம்பிக்கும் பேரம் பேசலாம், பழைய துப்பாக்கியின் துருவைக் காட்டி நாலு காசு குறைக்கலாம். எண் சரியில்லாத துப்பாக்கியை எடுத்துக் காட்டாத, புத்தகம் சந்தேகமாக இருந்தால் "இது வேண்டாம் அண்ணா" என்று திருப்பி அனுப்பி விடுகிற கடைக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்தால், கூடுதலாகக் கொடுத்த ஆயிரம் ரூபாய் வீணாகாது. அந்தக் கடையின் பதிவேட்டில் ஒழுங்காக ஏறிய ஒரு வரிதான், என்றாவது ஒருநாள் போலீஸ் வந்து கேட்கும்போது அவருக்குத் துணை நிற்கும்.