தீம் பார்க் வருஷ பாஸ்: நாலாவது தடவை உண்மையிலேயே ஃப்ரீயா?

2025 டிசம்பர்ல திருப்போரூர் பக்கம் இள்ளலூர்ல வொண்டர்லா திறந்தாங்க. அதிலிருந்து செங்கல்பட்டு, காஞ்சிபுரம் சுத்துவட்டாரத்துல குழந்தை இருக்கற வீடுகள்ல ஞாயித்துக்கிழமை பேச்சே அதுதான். கூடவே ஒரு யோசனையும் வரும்: "எந்தப் பார்க்கா இருந்தாலும் வருஷ பாஸ் எடுத்துட்டா லாபம்தானே? மூணு தடவை போனா போட்ட காசு வந்துடும், நாலாவது தடவை ஃப்ரீ!"

கேக்க நல்லாதான் இருக்கு. ஆனா மாசம் முப்பதாயிரம் கைக்கு வர்ற குடும்பம் இந்த ஒரு வரியை நம்பி பணம் கட்டக் கூடாது. ஏன்னு பார்ப்போம்.

முதல்ல ஒரு தடவை போற செலவு

நீங்க உத்திரமேரூர்ல இருக்கீங்க, ஒரகடத்துல வேலை. வீட்டுல நீங்க, மனைவி, ஆறு வயசுப் பிள்ளை. இது ஒரு உதாரணம்தான், உங்க எண்ணை நீங்க போட்டுக்கோங்க.

- டிக்கெட்: வொண்டர்லா திறந்தப்போ அறிவிச்ச விலை, வரியோட சேர்த்து 1,489 ரூபாய். பெரியவங்க ரெண்டு பேர், பிள்ளைக்கு 1,200ன்னு வெச்சா மொத்தம் ஏறக்குறைய 4,200.
- பயணம்: போக வர கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். கார்னா பெட்ரோலுக்கு 700.
- சாப்பாடு, தண்ணி, ஐஸ்கிரீம்: 1,000.
- லாக்கர், தண்ணி விளையாட்டுக்கு டிரெஸ், பிள்ளை அடம்பிடிச்சு வாங்கற பொம்மை: 500.

ஆக மொத்தம் 6,400 ரூபாய். இதுல 2,200 டிக்கெட்டே இல்லை. பாஸ் இருந்தாலும் இந்த 2,200 ஒவ்வொரு தடவையும் போயே தீரும். "ஃப்ரீ" தடவையும் 2,200 ரூபாய்தான்.

இப்போ பாஸ் கணக்கு

பாஸ் விலை மூணு டிக்கெட் விலைக்குச் சமம்னு வெச்சுக்கோங்க. குடும்பத்துக்கு 12,600. நாலு தடவை போனா கூடுதல் செலவு 8,800. மொத்தம் 21,400.

பாஸ் இல்லாம நாலு தடவை போயிருந்தா 25,600 ஆகியிருக்கும். "பாத்தியா, 4,200 மிச்சம்!"னு தோணும். இங்கதான் நாம மாட்டறோம். பாஸ் இல்லன்னா நீங்க நாலு தடவை போயிருப்பீங்களா? மிஞ்சிப்போனா ரெண்டு தடவை. அதுக்கு ஆகறது 12,800. அப்படின்னா பாஸ் வாங்கினதால 4,200 மிச்சம் ஆகலை, 8,600 கூடுதலா செலவாச்சு. அது பிள்ளையோட ஸ்கூல் ஃபீஸ்ல ஒரு பகுதி, இல்ல அப்பாவோட மருந்துச் செலவு.

அதனால கேக்க வேண்டிய கேள்வி "எத்தனை தடவை போனா காசு வரும்?" இல்லை. "பாஸ் இல்லன்னாலும் எத்தனை தடவை போவேன்?" அதுதான்.

காலண்டரை எடுத்து வைங்க

வருஷத்துக்கு 52 ஞாயிறு. அதுல ஓ.டி., தை, ஆவணி முகூர்த்தம், ஆடித் திருவிழா, பரீட்சை, ஐப்பசி கார்த்திகை மழை எல்லாத்தையும் கழிங்க. ஷிஃப்ட்ல இருக்கறவங்களுக்கு வார லீவு புதன்கிழமை வந்தா, அன்னிக்குப் பிள்ளைக்கு ஸ்கூல். மிச்சம் எத்தனைன்னு பேனாவால வட்டம் போடுங்க. பாஸ் எந்தெந்த நாள்ல செல்லாதுன்னும் கண்டிஷன்ல பாருங்க.

இன்னும் ரெண்டு விஷயம். வொண்டர்லாவுல பிள்ளைங்களுக்கு வயசைப் பார்க்கறதில்லை, உயரத்தைத்தான் பார்க்கறாங்க. 85 சென்டிமீட்டருக்குக் கீழே இலவசம், 140 வரைக்கும் குழந்தை டிக்கெட். பெரிய ரைடு பலதுல ஏற 140 வேணும். 110 சென்டிமீட்டர் பிள்ளைக்கு வருஷம் முழுக்க அதே சின்ன ரைடுதான், மூணாவது தடவையே சலிச்சிடும்.

அடுத்தது, நம்ம வீட்டுல மூணு பேர் மட்டும் எங்க போறோம்? அண்ணன் பசங்க வருவாங்க, தங்கச்சி வருவா. பாஸ்ல அவங்க பேர் இருக்காது. "எங்களுக்கு பாஸ் இருக்கு, நீங்க டிக்கெட் எடுங்க"ன்னு நம்மால சொல்ல முடியாது. அந்தக் காசும் உங்க பாக்கெட்ல இருந்துதான்.

எந்த வருஷ பாஸ் லாபம்?

2025 ஆகஸ்ட் 15ல வந்த ஃபாஸ்டேக் வருஷ பாஸை எடுத்துக்கோங்க. அறிமுக விலை 3,000 ரூபாய். சொந்தக் காருக்கு தேசிய நெடுஞ்சாலைகள்ல ஒரு வருஷம் அல்லது 200 பயணம். பயணத்துக்கு 15 ரூபாய். பரனூர் டோல் தாண்டி தினமும் கார்ல வேலைக்குப் போறவருக்கு அது அருமையான பாஸ். ஏன்னா பாஸ் இருந்தாலும் இல்லன்னாலும் அவர் போயே ஆகணும். பார்க்குக்குப் பக்கத்துலயே வீடு, எப்படியும் வருஷத்துக்கு அஞ்சாறு தடவை போற குடும்பம்னா, தீம் பார்க் பாஸும் அவங்களுக்கு லாபம்தான்.

நமக்கு என்ன வழி?

1. வருஷத்துக்கு ஒரு பெரிய டிரிப். 6,400ஐ 12ஆல வகுத்தா மாசம் 533. சம்பளம் வந்த மறுநாளே 550 ரூபாய் பேங்க் ஆர்.டி.யில போற மாதிரி வைங்க. பன்னிரண்டு மாசத்துல 6,600, மேல கொஞ்சம் வட்டி.

2. கிரெடிட் கார்டு, "நோ காஸ்ட் இ.எம்.ஐ." வேண்டாம். பிராசஸிங் ஃபீ, அதுக்கு 18% ஜி.எஸ்.டி. சத்தமில்லாம சேரும். ஒரு மாசம் கட்டத் தவறினா வட்டி தனி.

3. மூணு மாசச் செலவுக்கு அவசர நிதியும், குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடும் இல்லன்னா, முதல் 550 அங்கதான் போகணும்.

4. மத்த ஞாயிறுகளுக்குப் பக்கத்துலயே இடம் இருக்கு. மாமல்லபுரம் சிற்பங்களுக்கு தொல்லியல் துறை டிக்கெட் 40 ரூபாய், 15 வயசுக்குக் கீழே இலவசம். நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் வேடந்தாங்கல்ல பறவை. வீட்டுல இருந்து புளிசாதம் கட்டிக்கிட்டுப் போகலாம்.

ஏற்கெனவே பாஸ் எடுத்தாச்சா?

பரவாயில்லை. ஒவ்வொரு தடவை போகும்போதும் மொத்தச் செலவை போன்ல குறிச்சு வைங்க. நம்ம உத்திரமேரூர் கல்வெட்டுல, பராந்தக சோழன் காலத்துலயே ஒரு விதி இருக்கு: வாரியத்துல இருந்துட்டு கணக்குக் காட்டாதவங்க மறுபடி குடவோலையில நிக்க முடியாது. பாஸுக்கும் அதே விதியைப் போடுங்க. கணக்குல தேறலைன்னா அடுத்த வருஷம் ரினியூவல் கிடையாது. ஜிம்முக்கும் ஓ.டி.டி.க்கும்கூட இது பொருந்தும்.

இன்னிக்கு ராத்திரி காலண்டர்ல வட்டம் போட்டுட்டு, வீட்டுல ஒரு தடவை பேசிப் பாருங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க. அடுத்த வீடியோவுல சந்திப்போம்!