ஒன்றே முக்காலை அரையால் வகுத்தால்

ஒன்றே முக்கால் கிலோ ஏலக்காயை அரைக் கிலோ பைகளில் அடைத்தால் எத்தனை பை வரும்? ஏலக்காய் ஏல மையம் உள்ள போடிநாயக்கனூரில் மனக்கணக்காகவே சொல்லிவிடுவார்கள்: மூன்று பை, மிச்சம் கால் கிலோ. ஆனால் பள்ளிக்கூட விடை மூன்றரை. 'மிச்சம் கால்தானே, மூன்றே கால் என்றல்லவா வர வேண்டும்?' என்று ஒரு பிள்ளை கேட்டால், 'அரையைத் தலைகீழாக்கிப் பெருக்கு' என்பது பதிலாகாது. கிலோவில் கால் பங்கு, பையில் பாதி. நாம் எண்ணுவது பைகளை. இதைச் சொல்ல உயர்கணிதம் வேண்டாம். பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி விழுந்தது என்பது ஆசிரியருக்குத் தெரிய வேண்டும். பின்ன வகுத்தல் நடுநிலை வகுப்பில்தான் வருகிறது என்று தள்ளிவிடவும் முடியாது. 'எதில் பாதி, எதில் கால்' என்ற குழப்பத்துக்கு விதை விழுவது தொடக்கப் பள்ளியில்தான்.

லிப்பிங் மா என்ற ஆய்வாளர் இதே வகுத்தலை 23 அமெரிக்க ஆசிரியர்களிடமும் 72 சீன ஆசிரியர்களிடமும் கொடுத்துப் பார்த்தார். 1999இல் நூலாக எழுதினார். கணக்கைப் போட முயன்ற 21 அமெரிக்கர்களில் முழுச் சரியான விடைக்கு வந்தவர்கள் 9 பேர். சீனர்களில் 72 பேரும். அதற்குப் பொருந்தும் ஒரு கதைக்கணக்கு சொல்லுங்கள் என்றதும் இடைவெளி இன்னும் விரிந்தது. பல அமெரிக்கர்கள் 'இரண்டு பேருக்குப் பங்கிடு' என்றே கதை கட்டினார்கள். அது அரையால் வகுப்பதன்று, இரண்டால் வகுப்பது. வியப்பு என்னவென்றால், படிப்பில் குறைந்தவர்கள் சீனர்கள்தாம். ஒன்பதாம் வகுப்புக்குப் பின் இரண்டு மூன்று ஆண்டு ஆசிரியர் பயிற்சி, அவ்வளவே. அமெரிக்கர்களோ பட்டதாரிகள். ஆகவே பன்னிரண்டாம் வகுப்பும் இரண்டாண்டுப் பட்டயமும் முடித்த நம் இடைநிலை ஆசிரியருக்குப் பட்டம் போதவில்லை என்ற வாதம் நிற்காது. அறிவு வேண்டும், அதுவும் கற்பிப்பதற்கென்றே உரிய கணக்கறிவு. ஹீதர் ஹில், பிரையன் ரோவன், டெபோரா பால் மூவரும் 115 அமெரிக்கப் பள்ளிகளை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட முடிவும் இதுவே: அந்த அறிவு கூடிய ஆசிரியரிடம் ஒன்றாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் கூடுதலாக முன்னேறினார்கள்.

மனப்பாடமே போதாதா, திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை ஒப்பித்தே 320இல் ஒரு பங்கான முந்திரி வரை கணக்குப் போடவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. போட்டார்கள்தான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு மா, காணி என்ற பின்ன அளவுகள் வயலிலும் களத்திலும் தினமும் கண்ணில் பட்டன. பொருளை ஊரே கற்பித்தது. இன்று அந்த வேலையும் ஆசிரியர் தலையில்தான். ஆசிரியர் தகுதித் தேர்வு இந்த அறிவை அளக்கும் என்று நம்புவதும் வீண். 2012 முதல் தமிழ்நாட்டில் நடக்கும் அத்தேர்வின் முதல் தாளில் 150 கேள்விகள், கணக்குக்கு 30. எல்லாம் விடையைத் தேர்ந்தெடுப்பவை. பிள்ளையின் தவறுக்குக் காரணம் கண்டு விளக்கும் திறமைக்கு அதில் இடம் குறைவு. பணியில் இருப்பவர்களில் ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுக்குள் இதில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இனி வழிகாட்டிப் புத்தகங்கள் நன்றாக விற்கும்.

போடியை ஒட்டிய மலைப் பகுதியில் சிக்கலே வேறு என்பது வலுவான மறுப்பு. பெற்றோர் விடியுமுன் ஜீப் ஏறிப் போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டங்களுக்குப் போய்விடும் வீடுகளில் பிள்ளை பள்ளிக்கு வருவதே பெரும்பாடு. ஆசிரியரின் கணக்கறிவை அப்புறம் பார்க்கலாம் என்பார்கள். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. நகரத்துப் பிள்ளைக்கு வகுப்பில் புரியாவிட்டால் டியூஷன் இருக்கிறது. இந்தப் பிள்ளைக்கு ஆசிரியரின் ஒரு விளக்கம்தான். பழியை ஆசிரியர்மேல் போடுகிறீர்கள் என்ற குறைக்கும் லிப்பிங் மாவின் நூலிலேயே பதில் உண்டு. சீனாவில் பலர் கணக்கு மட்டுமே எடுத்தார்கள். ஒரே பாடத்தைச் சக ஆசிரியர்களோடு உட்கார்ந்து அலசினார்கள். இங்கோ கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்பு, எல்லாப் பாடமும் அவர்கள் பொறுப்பு. போதாததற்கு இணையத்தில் பதிவேற்ற வேண்டிய விவரங்கள் வேறு. அத்தகைய பள்ளியில் சந்தேகம் கேட்க ஆளில்லை. குரங்கணிப் பக்கத்து ஆசிரியரும் போடி நகரத்து ஆசிரியரும் ஒன்றுகூடக் குறுவள மையக் கூட்டங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றில் சுற்றறிக்கை வாசிப்பதைக் குறைத்து, பிள்ளைகள் தப்பாகப் போட்ட கணக்கு நோட்டுகளை மேசைமேல் விரிக்கப் புதிய அரசாணை எதுவும் தேவைப்படாது.