காதால் படிக்கும் கணினி



கண் பார்வை இல்லாத பிள்ளை கணினி வேலைக்குப் போக முடியுமா? முடியாது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். முடியும். எப்படி என்று இன்று பார்ப்போம்.

காலைப் பெரட்டில் மண்டோர் வேலை சொல்வது போல, கணினிக்கும் வரிசையாகக் கட்டளை எழுத வேண்டும். அதற்கு நிரல் என்று பெயர். நிரலை எழுதித் திருத்த உதவும் மென்பொருள் நிரல் திருத்தி. பார்வையற்றவர் இதனுடன் திரைவாசிப்பான் என்னும் இன்னொரு மென்பொருளையும் வைத்துக்கொள்கிறார். அவர் விசையை அழுத்தி ஒவ்வொரு வரியாகச் செல்ல, அது வாய்விட்டுப் படிக்கும்.

ஆனால் எழுத்தைப் படித்தால் மட்டும் போதாது. பைதான் என்னும் கணினி மொழியில், வரி தொடங்கும் இடத்துக்கும் பொருள் உண்டு. 'மழை பெய்தால்' என்று ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் கீழே சற்று உள்ளே தள்ளி, 'மரம் வெட்டாதே', 'களை பிடுங்கு' என்று இரண்டு வரிகள். இவை மழை நாளுக்கு மட்டும் உரியவை. கடைசி வரியை ஓரத்துக்கு இழுத்துவிட்டால், வெயில் நாளிலும் களை பிடுங்க வேண்டியதுதான்! கண்ணுக்கு இந்த வேறுபாடு உடனே தெரியும். சொற்களை மட்டும் கேட்கும் காதுக்கோ இரண்டும் ஒன்றே. பிழையைக் காட்டும் சிவப்புக் கோடும் அப்படித்தான், கோடு பேசாது.

இந்தக் குறையைத் தீர்க்கப் பார்வையற்றவர்களே முன்வந்தார்கள். புனேயில் வளர்ந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த டி. வி. ராமன் 1995இல் ஈமாக்ஸ்பீக் என்னும் மென்பொருளை வெளியிட்டார். நிரலின் வெவ்வேறு பகுதிகளை அது வெவ்வேறு குரலில் படிக்கும். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006இல் என்விடிஏ என்னும் திரைவாசிப்பானைத் தொடங்கினார்; ஜேம்ஸ் டே அவருடன் சேர்ந்தார். வரி எவ்வளவு உள்ளே தள்ளியிருக்கிறதோ, அவ்வளவு உயர்ந்த சுருதியில் ஓர் ஒலி எழுப்பும்படி அதை அமைத்துக்கொள்ளலாம். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015இல் வெளியிட்ட விஷுவல் ஸ்டூடியோ கோட் என்னும் திருத்தியில், பிழையுள்ள வரிக்கு வந்தால் ஒலி கேட்கும் வசதி இப்போது உண்டு.

ஆகவே, திரைவாசிப்பான் ஒன்று மட்டும் இருந்தால் போதாது. நிறத்தாலும் இடத்தாலும் காட்டுவதையெல்லாம் திருத்தியும் சொல்லாக, ஒலியாகத் தர வேண்டும். மௌஸைத் தொடாமல் விசைகளைக் கொண்டே எல்லா வேலையும் செய்ய வழி இருக்க வேண்டும். செய்பவர் மனம் வைத்தால் இது நடக்கும்.

பெற்றோர்களே, என்விடிஏவுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. தமிழையும் அது படிக்கும். பார்வையற்ற பிள்ளை வீட்டில் இருந்தால், முதலில் விசைப்பலகையை விரலுக்குப் பழக்குங்கள். திரையைப் பார்க்க இயலாத பிள்ளை சிந்திக்க இயலாத பிள்ளை அல்ல. அதை மூலையில் உட்கார வைத்துவிடாதீர்கள்.