போனக்காட்டில் வளர்ந்த பிள்ளைகள்

திருவனந்தபுரம் நகரில் குழாயைத் திறந்தால் வருவது கரமனை ஆற்றுத் தண்ணீர். அந்த ஆறு பிறக்கும் அகத்தியர் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது போனக்காடு. விதுராவிலிருந்து காணித்தடம் செக்போஸ்டைத் தாண்டி, வளைந்து வளைந்து ஏறும் காட்டுப் பாதையின் கோடியில் இருக்கும் ஊர். பழைய ஏடுகளில் 'போனக்கார்டு எஸ்டேட்' என்று இருக்கும். பிரெஞ்சு மொழியில் அதற்கு 'நல்ல இணக்கம்' என்று பொருள். உள்ளூர் நாக்கில் அது காடாகி விட்டது. பொருத்தமான மாற்றந்தான்!

இந்த அடிவாரக் காட்டில் மூன்று விதமான பிள்ளைகள் வளர்ந்திருக்கிறார்கள். வன இலாகா ஊழியர் வீட்டுப் பிள்ளைகள், தேயிலைத் தோட்டத்து லயப் பிள்ளைகள், காணிக்காரர் குடியிருப்புப் பிள்ளைகள். யானையும் அட்டையும் மூவருக்கும் பொது. பிற்கால வாழ்க்கைதான் வேறு வேறு.

ரேஞ்சர் வீடு

கோயம்புத்தூரில் 1912-ல் தொடங்கிய மதராஸ் வனக் கல்லூரியில் தென்னாட்டு ரேஞ்சர்கள் பயிற்சி பெற்றார்கள். அவர்கள் வேலை பார்த்த இடமோ ஊரை விட்டு விலகிய குவார்ட்டர்ஸ். அப்பா 'கேம்ப்' போனால் திரும்பி வரச் சில நாட்களாகும். கோடையில் காட்டுத்தீ பயம். மழைக்காலத்தில் பாதை அடைபடும். அம்மாவும் பிள்ளைகளும் விளக்கைச் சுற்றி உட்கார்ந்திருக்க, வாட்சர் வந்து, "யானை இறங்கியிருக்கு, வெளியே வராதீங்க அம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார்.

சாணத்தில் ஆவி பறந்தால் யானை பக்கத்தில்தான் இருக்கிறது. அட்டையைப் பிடுங்கி எறியாமல் உப்போ புகையிலைச் சாறோ வைத்தால் தானே விழுந்துவிடும். இந்தப் பாடங்கள் எழுத்துக்கு முன்பே வந்துவிடும். ஆனால் பள்ளி வயது வந்ததும் பலருக்கு ஹாஸ்டல் அல்லது பாட்டி வீடு. சில வருடத்தில் அப்பாவுக்கு மாற்றல் உத்தரவு. சாமான் லாரியில் ஏறும். நினைவு மட்டும் காட்டிலேயே நின்றுவிடும்.

லயத்துப் பிள்ளைகள்

லயத்தில் பொழுது விடிவது சங்குச் சத்தத்தில். அம்மா கொழுந்துக் கூடையோடு மலையேறுவாள். ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும், தொழிலாளிக்கு வீடு வேண்டும் என்று 1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அந்த வீடு கம்பெனி வீடு. வேலை முடிந்தால் பணிக்கொடையை வாங்கிக்கொண்டு காலி செய்ய வேண்டும் என்பதே ஏற்பாடு. வீட்டில் தமிழ், வெளியே மலையாளம் என்று இரண்டு நாக்கோடு வளர்ந்தன லயத்துப் பிள்ளைகள். மேல்படிப்புக்கு பஸ்ஸை எதிர்பார்த்து மலை இறங்கின.

காணிப் பிள்ளைகள்

காணிக்காரப் பிள்ளைகளுக்குக் காடே பள்ளிக்கூடம். 1987-ல் அகத்தியர் மலைக் காட்டுக்கு வந்த விஞ்ஞானிகள் மூச்சு வாங்கிக் கிடந்தபோது, வழிகாட்டிய காணிகள் மட்டும் சளைக்கவில்லை. அவ்வப்போது ஒரு சிறு காயை மென்றுகொண்டே நடந்தார்கள். அதுதான் 'ஆரோக்கியப்பச்சை'. பாலோட்டுத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தைத் தயாரித்தது. வருவாயில் காணிகளுக்கும் பங்கு கிடைத்தது. குழந்தையிலேயே கற்ற அறிவுக்கு உலகம் விலை கொடுத்த அபூர்வ நிகழ்ச்சி இது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடிவாரத்தில் பிறந்தாலும் பெண் பிள்ளைகளுக்கு 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடம் எட்டாக் கனியாகவே இருந்தது. ஜனவரியில் யாத்திரைக் கூட்டம் அதிருமலை முகாமை நோக்கிப் போவதை அவர்கள் பார்த்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் வழி திறந்தது. 2019 ஜனவரியில் பெண்களும் மலையேறினார்கள்.

மலையின் இருபுறமும்

காட்டுக்குக் காவல் பலப்பட்டது நல்ல செய்தி. 1983-ல் பேப்பாறை வனவிலங்குச் சரணாலயம் உருவாயிற்று. 2001-ல் அகத்தியர் மலை உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்டு, 2016-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் தோட்டத்தின் கதை வேறு. தேயிலைத் தொழிற்சாலை நின்றது. கூலியும் பணிக்கொடையும் நிலுவையாயின. பணம் வராமல் இறங்கிப் போக வழியில்லாத குடும்பங்கள், ஒழுகும் லயங்களிலேயே ஒண்டிக்கொண்டன. வெளியூர் இளைஞர்களோ பாழடைந்த பங்களாவில் பேய் தேடி வீடியோ எடுக்க வந்தார்கள். பக்கத்தில் உயிரோடிருக்கும் மனிதர்களின் வீட்டுக் கூரையைப் படம் எடுத்தவர்கள் எத்தனை பேர்?

மலைக்கு அந்தப் பக்கம், திருநெல்வேலிச் சீமையின் மாஞ்சோலையிலும் 2024-ல் கொழுந்து பறிப்பது நின்றது. தலைமுறைகளாக அங்கே வளர்ந்தவர்கள் இறங்க வேண்டி வந்தது. காடு மீண்டும் காடாவதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காட்டில் உழைத்தவன் கணக்கு முதலில் தீர வேண்டும்.

ரேஞ்சர் வீடும் சொந்த வீடல்ல, லயத்து வீடும் சொந்த வீடல்ல. ரேஞ்சர் பிள்ளை கிளம்பும்போது அடுத்த ஊரில் ஒரு குவார்ட்டர்ஸ் காத்திருந்தது. அப்பாவுக்குப் பென்ஷன் இருந்தது. லயத்துப் பிள்ளைக்கு அப்படி எதுவும் காத்திருக்கவில்லை. அதனால்தான் ஒருவருக்குப் போனக்காடு இனிய நினைவு. மற்றவருக்கு அது இன்னும் தீராத பாக்கி.