ஆய்ந்து திட்டமிடல்

நோயின் காரணத்தை அறியாது மருந்து கொடுப்பவன் நல்ல மருத்துவன் ஆகான். ஊரின் நிலையை ஆராயாது திட்டம் வகுப்போனும் அத்தகையனே.

தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கள் அடங்கிய நாஞ்சில் நாடு நெல் வளத்தாற் பெயர் பெற்றது. 1906-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற பேச்சிப்பாறை அணையின் நீர், கால்வாய்களின் வழியே சென்று இந்நாட்டுக் குளங்களையும் வயல்களையும் நிரப்புகின்றது. ஓராண்டில் கடைவரம்பு வயல்களுக்கு நீர் எட்டாமையாற் கன்னிப்பூப் பயிர் கருகியது எனக் கொள்வோம். அணையில் நீர் குறைவு என்பர் சிலர். கால்வாய் தூர்ந்தது என்பர் வேறு சிலர். மேலே உள்ளோர் மிகுதியாகப் பாய்ச்சினர் என்பர் பின்னும் சிலர். இவற்றுள் ஒன்றை ஆராயாது நம்பிப் பெரும்பொருள் செலவிட்டபின், குறை வேறிடத்தில் இருந்ததெனத் தெரியின், பொருளோடு அடுத்த பருவத்து விளைவும் அழியுமன்றோ?

ஆதலின், ஆராய்வோன் முதற்கண் வினாவை வரையறுத்தல் வேண்டும். எந்தத் திங்களில், எவ்விடம் முதல் நீர் குறைந்தது என்பதே அவ்வினா. அடுத்து, ஒரே நாளில் கால்வாயின் பல இடங்களிலும் நீரை அளந்து குறித்தல் வேண்டும். மூன்றாவதாக, மேல்வரம்பினர், கடைவரம்பினர், நிலமுடையோர், கூலியாட்கள் ஆகிய அனைவரையும் உசாவுதல் வேண்டும். ஒருவர் கூற்று உண்மையின் ஒரு பக்கமே. இறுதியாக, பழைய கணக்கோடு ஒப்பிடல் வேண்டும். மழையும் அணையிலிருந்து விட்ட நீரும் ஒத்திருந்த முன்னாண்டு ஒன்றில் கடைவரம்பு விளைந்திருப்பின், இவ்வாண்டின் குறை அணையில் இல்லை. இடைவழியில் உள்ளது என்பது தெளிவாம்.

இத்தகைய ஆய்வு மாணவர்க்கு இயலுமோ எனின், இயலும். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியற் பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டர், 1916-ஆம் ஆண்டில் தம் மாணவரைக் கொண்டு சிற்றூர்களின் நிலம், தொழில், கடன் முதலியவற்றை ஆராய்வித்தார். அவ்வாய்வுகள் 1918-இல் நூலாக வெளிவந்தன. திருநெல்வேலியை அடுத்த கங்கைகொண்டான் அவ்வூர்களுள் ஒன்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப்பின் தாமசு, இராமகிருட்டிணன் என்னும் அறிஞர்கள் அவ்வூர்களை மீண்டும் ஆராய்ந்தனர். பின்வந்தோரும் அப்பணியைத் தொடர்ந்தனர். முதற்கணக்கை மாணவர் எழுதி வையாதிருப்பின், ஊர் வளர்ந்ததோ தேய்ந்ததோ என்று பின்னோர் ஒப்பிட்டு அறிதல் அரிதாயிருக்கும்.

மாணவர்களே! உங்கள் ஊர்க் குளத்தின் நீரளவைத் திங்கள்தோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். கேட்டதைக் கேட்டதென்றும், அளந்ததை அளந்ததென்றும் பிரித்தெழுதுங்கள். நாளை அக்குளத்திற்குத் திட்டம் வகுப்போர்க்கு அவ்வேடு நல்ல துணையாகும்.