வெளிநாட்டிலிருந்து வீட்டுக் கணினி: எந்தக் கருவியை வாங்குவது?

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நீளும் கரையோரத்தில் பல வீடுகளில் ஒருவராவது கட்டாரிலோ சவூதியிலோ இருக்கிறார். வீட்டுக் கணினி மட்டும் இங்கேயே இருக்கிறது. கடைக் கணக்கு, பிள்ளைகளின் சான்றிதழ்கள், ஸ்கேன் செய்து வைத்த காணி உறுதி, குடும்பப் படங்கள் எல்லாம் அதற்குள்தான். டோஹாவில் இருப்பவருக்கு இரவு பத்து மணிக்கு ஓர் ஆவணம் தேவைப்பட்டால், வீட்டில் உள்ளவர்களை எழுப்பி, கணினியைப் போடச் சொல்லி, கோப்பு எங்கே இருக்கிறது என்று வட்ஸ்அப்பில் வழி சொல்ல வேண்டியிருக்கிறது.

நம்மவர்களுக்கு ஆவணம் என்பது வெறும் காகிதம் அல்ல. யுத்த காலத்தில் இடம்பெயர்ந்தவர்களில் பலர் உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் விட்டுவிட்டுத்தான் ஓடினார்கள். மிஞ்சியதைக் கரையோரத்தில் 2004 டிசெம்பர் 26 அன்று கடல் கொண்டுபோனது. இலங்கையில் சுனாமி அதிக உயிர்களைப் பறித்த மாவட்டம் அம்பாறை. காகிதம் இல்லாதவர் தன் காணியைத் தன்னுடையது என்று நிரூபிக்க எத்தனை அலுவலகங்கள் ஏறி இறங்க வேண்டும் என்பதைத் தமிழரும் முஸ்லிம்களும் தனித்தனியாக அனுபவித்திருக்கிறார்கள். எனவே தூரத்திலிருந்து கணினியைத் திறக்கும் ஏற்பாடு வசதிக்கானது மட்டுமல்ல. அதில் ஒரு பாதுகாப்புக் கேள்வியும் இருக்கிறது.

முதலில் தேவை என்ன?

நாலைந்து ஆவணங்கள்தான் வேண்டும் என்றால் புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை. கடவுச்சொல் போட்ட ஒரு பிரதியை கூகுள் டிரைவ் போன்ற சேவையில் வைத்தால் போதும். ஆனால் கடையின் கணக்கு மென்பொருள் அந்த ஒரு கணினியில் மட்டும்தான் ஓடும் என்றாலோ, பல்லாயிரம் படங்களும் பதிவுகளும் இருக்கின்றன என்றாலோ, அவற்றை இன்னொருவரின் சேவையகத்தில் வைக்க விருப்பமில்லை என்றாலோ, வீட்டுக் கணினியையே தூரத்திலிருந்து இயக்க வேண்டியிருக்கும்.

கணினி: பழையதா, சிறியதா?

இருக்கும் மேசைக் கணினியை நாள் முழுவதும் ஓடவிடலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 60 வாட் இழுக்கும் கணினி 24 மணி நேரமும் ஓடினால் மாதத்துக்குச் சுமார் 43 அலகு. மின்சாரக் கட்டணம் படிநிலைப்படி ஏறுவதால், இந்த 43 அலகு வீட்டின் முழுப் பாவனையையும் அடுத்த படிக்குத் தள்ளிவிடக்கூடும். இன்டெல் என்100 போன்ற சில்லு கொண்ட மினி பிசி சும்மா இருக்கும்போது 10 வாட் அளவில்தான் எடுக்கும். அது மாதத்துக்கு ஏறக்குறைய 7 அலகு.

பழைய மடிக்கணினியும் நல்ல தெரிவு. அதன் பேட்டரியே யூபிஎஸ் வேலையைச் செய்யும். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் அதை ஓடவிடக் கூடாது. தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. எதுவானாலும் சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போடுவது நல்லது.  கரையோர உப்புக்காற்று மின்பலகையை அரிக்கும் என்பதால் கடல் பக்கத்து ஜன்னலருகே வைக்காதீர்கள். வெள்ளம் ஏறும் வீடென்றால் தரையிலும் வைக்காதீர்கள்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. எனவே பழைய கணினி வாங்கும்போது அது விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள்.

மின்சாரம் போய் வந்தால்?

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கால் நாடு முழுவதும் இருண்டது. எனவே கணினி நிற்குமா என்று யோசிப்பதில் பயனில்லை. நின்றால் தானாக எழும்புமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மேசைக் கணினிகள், மினி பிசிகள் பலவற்றில் பயோஸ் அமைப்புக்குள் மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கும்படி ஒரு தெரிவு இருக்கும். இதற்குச் செலவு எதுவுமில்லை. மடிக்கணினிகள் பலவற்றில் அந்தத் தெரிவு இல்லை. பேட்டரி தீரும் அளவுக்கு மின்வெட்டு நீண்டால், யாராவது கைவைத்துத்தான் அதைப் போட வேண்டும்.

‘வேக் ஒன் லேன்’ என்பது இன்னொரு வழி. வலையமைப்பு வழியாக ஒரு சிறு சமிக்ஞை அனுப்பி, அணைந்திருக்கும் கணினியை எழுப்பலாம். ஆனால் கணினி கேபிளில் இணைந்திருந்தால்தான் இதை நம்பலாம். மின்சாரம் அறவே போய் வந்தபின் பல கணினிகளில் இது வேலை செய்யாது. சமிக்ஞையும் வீட்டு வலையமைப்புக்குள் இருந்தே வர வேண்டும். அதற்காக 3 முதல் 5 வாட்டில் ஓடும் ராஸ்பெரி பை போன்ற ஒரு குட்டிக் கணினியை எப்போதும் இயங்கவிட்டு, அதன் மூலம் பெரிய கணினியை எழுப்புவார்கள்.

கணினி சிக்கி நின்றாலும் அதன் திரையைப் பார்த்துக் கையாள வேண்டும் என்றால் ‘ஐபி கேவிஎம்’ கருவி இருக்கிறது. பைகேவிஎம், ஜெட்கேவிஎம் போன்றவை எச்டிஎம்ஐ வழியாகத் திரையை எடுத்து, யூஎஸ்பி வழியாக விசைப்பலகையாக நடிக்கும். கடைக் கணினி ஒரு நாள் நின்றால் வியாபாரம் நிற்கும் என்பவருக்கு இது பெறுமதியானது. சாதாரண வீட்டுக்கு அவசியமில்லை.

ரவுட்டரை மறந்துவிடக் கூடாது. கணினி ஓடியும் ரவுட்டர் அணைந்தால் பயன் இல்லை. ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் சிறிய யூபிஎஸ் கிடைக்கிறது. வாங்க ஒரே ஒரு பொருளுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், முதலில் அதைத்தான் வாங்க வேண்டும்.

இணைய வழி

4ஜி ரவுட்டர் இணைப்புகளில் வீட்டுக்கென்று தனி ஐபி முகவரி பெரும்பாலும் கிடைக்காது. பல வாடிக்கையாளர்கள் ஒரே முகவரியைப் பகிர்வார்கள். ரவுட்டரின் ஐபி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், வெளியிலிருந்து நேரடியாக உள்ளே வர முடியாது. டெயில்ஸ்கேல் போன்ற சேவை இரு பக்கத்துக் கணினிகளையும் மறைகுறியாக்கிய வழியில் இணைத்துவிடும். தனிப்பட்ட பாவனைக்கு அது இலவசம். எனிடெஸ்க், ரஸ்ட்டெஸ்க் போன்ற செயலிகளும் உண்டு.

செய்யக் கூடாத ஒன்று: விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டொப்பின் 3389 வாசலை ரவுட்டரில் நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடுவது. 2019 மேயில் வெளிப்பட்ட ‘புளூகீப்’ ஓட்டையால், கடவுச்சொல் தெரியாமலேயே அந்த வழியாகக் கணினிக்குள் நுழைய முடிந்தது.

பூட்டு யார் கையில்?

நீங்கள் நுழையக்கூடிய கதவு இன்னொருவருக்கும் கதவுதான். 2024 பெப்ரவரியில் எனிடெஸ்க் நிறுவனமே தன் சேவையகங்கள் ஊடுருவப்பட்டதாக அறிவித்தது. எனவே இரண்டு கட்ட உறுதிப்படுத்தல் கட்டாயம். அதற்கான இலக்கம் குறுஞ்செய்தியாக இலங்கை சிம்முக்கு வருமாறு வைத்தால், வெளிநாட்டில் அந்த சிம் செயலிழந்த அன்று நீங்களே வெளியே நிற்பீர்கள். குறுஞ்செய்தி தேவைப்படாத அங்கீகாரச் செயலியைப் பயன்படுத்துங்கள். வேலைத்தலக் கணினியிலிருந்து வீட்டுக் கணினிக்குள் போகாதீர்கள்.

கணினியையே யாராவது தூக்கிப்போனால்? முழு வட்டையும் கடவுச்சொல்லால் பூட்டினால், மின்வெட்டுக்குப் பின் கணினி அந்தச் சொல்லுக்காகக் காத்து நிற்கும். ஐபி கேவிஎம் போன்ற கருவி இல்லாமல் தூரத்திலிருந்து திறக்க முடியாது. பூட்டாமல் விட்டால் எடுத்தவர் கையில் எல்லாம் போகும். நடுவழி ஒன்று உண்டு. விண்டோஸ் வழக்கம்போல் தானாக எழும்பட்டும். உறுதிகள், முறைப்பாட்டுப் பிரதிகள், காணாமல் ஆக்கப்பட்டவர்கள் பற்றிய கடிதங்கள் போன்றவற்றை மட்டும் வெராகிரிப்ட் பெட்டகத்துக்குள் வையுங்கள். உள்ளே வந்தபின் அதைத் தனியாகத் திறந்து, வேலை முடிந்ததும் மூடலாம். பெட்டகத்தின் ஒரு பிரதி வேறு ஊரில், நம்பிக்கையான உறவினர் வீட்டிலும் இருக்கட்டும்.

புறப்படும் முன்

எல்லாம் பூட்டி முடிந்ததும், விமானம் ஏறுவதற்கு ஒரு வாரம் முன்பே சோதித்துப் பாருங்கள். வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்து, அரை மணி நேரம் கழித்துப் போடச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்து ஊரில், வைஃபை இல்லாமல், கைபேசியின் டேட்டாவில் இருந்து உள்ளே வர முயலுங்கள். முடியவில்லை என்றால், திருத்துவதற்கு இன்னும் ஒரு வாரம் கையில் இருக்கிறது.