பின்னால் கேம்பர், மேலே எந்த மூடி?

பிக்கப் வாங்குபவர்கள் கையோடு தேடுவது அதன் தொட்டிக்கு ஒரு மூடி. பெரும்பாலும் அழகு பார்த்தே வாங்குகிறார்கள். நாளை அந்த வண்டிக்குப் பின்னால் ஒரு சின்ன கேம்பரை (சக்கரம் வைத்த குட்டி வீட்டை) மாட்டி இழுக்கப் போகிறோம் என்றால், அழகு கடைசியாகத்தான் வர வேண்டும்.

சென்னைப் புறநகர்க் காட்டுப்பாக்கத்தில் மூடி என்றால் தார்ப்பாய்தான். மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் போகும் குட்டியானைகளும் பொலேரோ பிக்கப்புகளும் தோஸ்துகளும் கோயம்பேட்டுக் காய்கறியையும் சிமென்ட் மூட்டையையும் அதற்கடியில்தான் கொண்டுபோகின்றன. இந்தக் கூட்டத்தில் வெள்ளை நம்பர் பிளேட்டோடு சில பிக்கப்புகளும் தென்படுகின்றன. இசுசு வி-கிராஸ் 2016-இல் வந்தது. சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஸ்ரீசிட்டியில் தயாராகிறது. டொயோட்டா ஹைலக்ஸ் 2022-இல் வந்தது. நான்கு கதவு, ஐந்து பேர் உட்காரும் இடம், பின்னால் ஏறக்குறைய ஐந்தடி நீளத் தொட்டி. கேரளம் 2021-இல் ‘கேரவன் கேரளா’ திட்டத்தைத் தொடங்கிய பிறகு, சக்கரம் வைத்த வீட்டில் ஊர் சுற்றும் ஆசை இங்கும் பலருக்கு வந்திருக்கிறது.

சந்தையில் கிடைப்பவற்றில் முக்கியமானவை நான்கு விதம். சுருட்டி வைக்கும் வினைல் துணி மூடி. மூன்றாக மடியும் கெட்டிப் பலகை மூடி. கடை ஷட்டர் போல இழுத்து மூடும் அலுமினிய மூடி. ஃபைபரில் செய்த முழுக் கூண்டு. ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் விசாரித்தால் விற்பவர் கூண்டைத்தான் முதலில் காட்டுவார். விலை அதிகம், அதனால் காட்டுகிறார்.

கணக்கு எடையில் தொடங்குகிறது. கேம்பரின் மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் பிக்கப்பின் கொக்கி மேல் அமர வேண்டும். அதற்குக் குறைந்தால் வேகம் கூடும்போது கேம்பர் வாலாட்டும். 700 கிலோ கேம்பர் என்றால் 70 முதல் 105 கிலோ வரை. கொக்கி பின்அச்சுக்கும் பின்னால் தள்ளி இருப்பதால் அந்தப் பாரம் பின்பக்கத்தை அழுத்துவதோடு முன்பக்கத்தைத் தூக்கவும் செய்யும். ஸ்டியரிங் லேசாகும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். இதற்கு மேல் ஐம்பது கிலோவைத் தாண்டும் ஃபைபர் கூண்டையும் ஏற்றி, உள்ளே நான்கு தண்ணீர் கேனையும் வைத்தால் (ஒரு கேன் 20 லிட்டர், அதாவது 20 கிலோ) குடும்பம் ஏறும் முன்பே வண்டி தாங்கும் எடையில் பெரும்பங்கு தீர்ந்துவிடும். துணி மூடியை ஒற்றை ஆளே தூக்கி மாட்டிவிடலாம். எதை மாட்டினாலும் கனமான சாமானைத் தொட்டியின் முன்சுவரை ஒட்டி வைக்க வேண்டும்.

அடுத்தது பின்கதவு. கடையில் நிற்கும் வண்டியில் எல்லா மூடியும் அழகாகத் திறக்கும். கேம்பரை மாட்டிய பிறகு பார்த்தால் அதன் மூக்கிலிருக்கும் ஜாக்கிக் கம்பி பல நேரம் பின்கதவைக் கீழே இறங்க விடாது. கூண்டின் கண்ணாடிக் கதவு மேலே தூக்கும் வகை, கேம்பர் நெருங்கி நின்றால் அதற்கும் இடைஞ்சல்தான். ஸ்டவ்வை எடுக்கக் கேம்பரையே கழற்ற வேண்டிய நிலை வரும். துணி மூடியைப் பக்கவாட்டில் நின்றபடி கேபின் பக்கமாகச் சுருட்டி, மேலிருந்தே சாமானை எடுக்கலாம். மடக்கு மூடியிலும் இது ஓரளவு முடியும். வளைவுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ஏலகிரிக்கு ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளில் கேம்பரின் முன்மூலை பிக்கப்பை நெருங்கும். உயரமான கூண்டு இருந்தால் இரண்டும் உரசிக்கொள்ள வாய்ப்பு அதிகம். (கொல்லிமலையின் 70 வளைவுகளுக்குக் கேம்பரோடு போக நினைப்பவருக்கு எந்த மூடியும் உதவாது.)

மழையில் துணி மூடி கொஞ்சம் தோற்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நடுப்பகுதி தொய்ந்து குளம் கட்டும். குறுக்கே வில் போன்ற கம்பிகள் இருந்தால்தான் நீர் வடியும். வெயிலில் வினைல் தளர்ந்து, நூல் இற்றுப்போகும். லாரிக்குத் தார்ப்பாய் தைப்பவரிடம் கேட்டால் முதலில் ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்குத் துணியின் கிராம் எடை), அடுத்து மூலை, அதன் பிறகு கண்ணி என்பார். துணி எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் கிழிவது மூலையில்தான். அங்கே இரட்டைத் துணி வைத்துத் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஷட்டர் மூடிக்கு வேறு தொல்லை. அது சுருளும் பெட்டி தொட்டியின் இடத்தைத் தின்பதோடு, அதன் வடிகுழாயில் சாலைத் தூசி அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே இறங்கும்.

தூசி மேலிருந்து வருவதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஓடும் வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவதால், புழுதி பின்கதவின் இடுக்கு வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. சில நூறு ரூபாய் ரப்பர் பீடிங்கை அங்கே ஒட்டுவது, விலையுயர்ந்த மூடியைவிட அதிகம் உதவும். மூடி போட்டால் டீசல் மிச்சமாகும் என்ற பேச்சையும் கேம்பர் இழுப்பவர் நம்ப வேண்டாம். காற்றை மறித்து நிற்பது பின்னால் வரும் அந்தப் பெட்டி.

இறுக்கமாக மூடும் எந்த மூடிக்குக் கீழும் கேஸ் சிலிண்டரையும் பெட்ரோல் ஜெனரேட்டரையும் வைக்கக் கூடாது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தொட்டியின் அடியிலேயே தேங்கும்.

பொருத்தும்போது தொட்டியில் துளை போடச் சம்மதிக்காதீர்கள். கிளாம்ப் போட்டு இறுக்கும் வகை போதும். ஈ.சி.ஆர். உப்புக்காற்று முதலில் தேடிப் பிடிப்பது அந்தத் துளையைத்தான். சட்டமும் இங்கே குறுக்கிடுகிறது. தயாரிப்பாளர் வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. நிரந்தரமாக முடுக்கும் கூண்டென்றால் பூந்தமல்லி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்வதே நல்லது. கேம்பரும் சட்டப்படி ஒரு வாகனம். அதற்குத் தனிப் பதிவு வேண்டும்.

என் ஓட்டு, குறுக்குக் கம்பி வைத்து கிளாம்பில் நிற்கும் துணி மூடிக்கே. இரவில் வண்டியைத் தெருவில் நிறுத்துபவர் மட்டும், பூட்டு வசதிக்காக மடக்குப் பலகைக்குப் போகலாம். பணம் கொடுக்கும் முன் கேம்பரை மாட்டி, காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து நிறுத்தி, பின்கதவைத் திறந்து பாருங்கள். அப்படியே நாலு வாளித் தண்ணீரை மேலே ஊற்றச் சொல்லுங்கள்; கடைக்காரர் முகம் கோணினால் வேறு கடை பார்க்கலாம்.